எழுத்தும் பாட்டும் படமும் நின்றுபோனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இலங்கை மலையகத்தில் வேலைக்குப் போய்க்கொண்டே தனக்கென்று ஒன்றைச் செய்துவருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதை எழுதுபவர், படம் வரைபவர், தப்பு என்னும் பறை அடிப்பவர், கூத்துப் பாட்டு மனப்பாடம் வைத்திருப்பவர், துணியில் பூப்போடுபவர், யாராக இருந்தாலும் சரி. மலையிலோ பள்ளிக்கூடத்திலோ கடையிலோ பகல் போய்விடும். மிச்சம் இருக்கும் கொஞ்ச நேரத்தில் இதைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நின்றுபோனதும் "எனக்கு ஆர்வம் போயிருச்சு", "நமக்கு அவ்வளவுதான் வரும்" என்று சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டு முடிவையும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். நான் பார்த்தவரை, காரணம் கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்றாகவே இருக்கிறது: கொப்பி கைக்கெட்டும் இடத்தில் இல்லை, வர்ணம் பூஞ்சணம் பிடித்துவிட்டது, எங்கே விட்டோம் என்று ஞாபகம் இல்லை. இங்கே வாழ்க்கை அடிக்கடி குறுக்கே வரும். சாவு வீடு, திருவிழா, பிள்ளையின் புலமைப்பரிசில் பரீட்சை, காய்ச்சல், மழை. நிற்பதைத் தடுக்க முடியாது. நின்ற பிறகு சிரமமில்லாமல் திரும்ப ஆரம்பிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். கீழே சொல்லும் திருத்தங்கள் எல்லாம் அதற்குத்தான்.

முதல் சோதனையை இப்போதே செய்யலாம். விட்டுவைத்த வேலையைக் கையில் எடுங்கள். அதைத் தேட வேண்டியிருந்தால், அல்லது எடுத்ததும் பழுதாகிக் கிடந்தால், இடம், ஈரம், கோப்பு பற்றிய பகுதிகளுக்குப் போங்கள். உடனே கிடைத்தது, எங்கே விட்டோம் என்றுதான் தெரியவில்லை என்றால் அதற்கும் தனிப் பகுதி இருக்கிறது. எல்லாம் சரி, உட்கார்ந்தாலும் ஒன்றும் வரவில்லை என்றால் பின்பாதியை வாசியுங்கள். எடுக்கவே நேரம் இல்லாதவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

அறிகுறி: நேரமே கிடைப்பதில்லை

இதைச் சொல்பவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணின் நாளைப் பாருங்கள். விடியுமுன் அடுப்பு, ரொட்டி, சம்பல், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடுப்பு. சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஓட்டம், பிறகு மலை. பொழுது சாய வந்தால் பீலியில் தண்ணி, வெறகு, திரும்ப அடுப்பு. "தினமும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்" என்று இவரிடம் சொல்வது அநியாயம். பாடக்குறிப்பையும் திருத்த வேண்டிய கொப்பிகளையும் வீட்டுக்குச் சுமந்துவரும் டீச்சருக்கும் அந்த மணித்தியாலம் கிடையாது.

ஆகவே மணித்தியாலத்தைத் தேடாதீர்கள். நாளுக்குள் ஏற்கனவே இருக்கும் காத்திருப்புகளைத் தேடுங்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் நேரம். சோறு வேகும் நேரம். ஹட்டன் பஸ் நிலையத்தில் பஸ் நிறையும் வரை உட்கார்ந்திருக்கும் நேரம். டியூஷன் முடியும் வரை பிள்ளைக்காக வாசலில் நிற்பது, ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துவிட்டுக் குந்தியிருப்பது. ஒரு கிழமைக்கு இவற்றைக் கவனித்துவிட்டு, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் தவறாமல் வரும் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். ஒன்று போதும். இரண்டு மூன்று என்று பிடித்தால் எல்லாமே கைநழுவும்.

பிறகு வேலையைப் பிரித்துப் பாருங்கள். மனதுக்குள் கட்டுவது ஒரு வேலை, தாளில் இறக்குவது ஒரு வேலை, திருத்துவது இன்னொரு வேலை. மூன்றுக்கும் ஒரே மாதிரியான நேரம் வேண்டியதில்லை. மனதுக்குள் கட்டக் கை தேவையில்லை. கொழுந்து கிள்ளும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அது நடக்கும். மலையகத்தின் தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் வேலைக்கு நடுவே வாயில் பிறந்தவைதான். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவற்றைத் தொகுத்து வைத்ததால் இன்று நாம் தாளில் பார்க்கிறோம். பாட்டுக் கட்டியவர்கள் யாரும் மேசையில் உட்கார்ந்து கட்டவில்லை.

வாயில் கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். அந்த இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்லி, நாக்கில் தடுக்கும் சொல்லை மாற்றுங்கள். தடுக்காமல் வந்ததும் போனில் குரலாகப் பதிந்துவிடுங்கள். சிக்னல் இல்லாத மலையிலும் குரல் பதிவு வேலைசெய்யும். இரவில் அதைக் கேட்டுக் கொப்பியில் எழுதலாம். கை ஓய்ந்துபோயிருந்தால் போனில் கூகுளின் ஜீபோர்ட் விசைப்பலகையில் தமிழை, அதுவும் இலங்கைத் தமிழைத் தெரிவுசெய்து பேசியே எழுதலாம். பேச்சுத் தமிழில் சொன்னால் நிறையப் பிழை வரும், ஆனாலும் திருத்த ஒரு பிரதி கையில் இருக்கும்.

தாளில் இறக்குவதை ஞாயிற்றுக்கிழமைக்கோ போயா விடுமுறைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன், அது இடைவெளி. கொழுந்து மலைக்கு ஏழு எட்டு நாளைக்கு ஒரு சுற்று வராவிட்டால் இலை முற்றிப்போகும், பிறகு கிள்ள வராது, ஒடிக்கத்தான் வேண்டும். பாதிக் கதையும் பாதிப் பாட்டும் அப்படித்தான். கிழமைக்கு ஒரு தரம் கை வைத்தால் அது இளசாக இருக்கும். ஒரு வரி சேர்க்க முடியாவிட்டாலும் விட்ட இடத்தை ஒருமுறை வாசித்துவிட்டு மூடிவையுங்கள். மாதக்கணக்கில் விட்டதை மறுபடி பிடிக்க இரண்டு மூன்று நாள் வாசிப்பிலேயே போய்விடும், நிறையப் பேர் அந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

நமக்கு முன்னால் இப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். குறிஞ்சித்தென்னவன் தோட்டத் தொழிலாளியாக இருந்தே கவிதை எழுதினார். சாரல்நாடன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு மலையக வரலாற்றைத் தேடித்தேடி எழுதினார். இவர்களுக்கு நம்மைவிட அதிக நேரம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

அறிகுறி: வீட்டில் இடமில்லை, இருந்தாலும் விடமாட்டார்கள்

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பழைய காம்பரா 10க்கு 12 அடி. அதற்குள் கட்டிலும் அலுமாரியும் டீவியும் பிள்ளைகளின் புத்தகமும். மேசையும் கதிரையும் போட்டுத் தனி இடம் தேடுவதை விடுங்கள். ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுங்கள். கொப்பி, இரண்டு பென்சில், அதைச் சீவ ஒரு கட்டர், சின்ன டோர்ச், மடியில் வைத்து எழுத ஒரு பரீட்சை அட்டை, எல்லாம் அதற்குள் இருக்கட்டும். டின்தான் உங்கள் இடம். இஸ்தோப்பில் உட்கார்ந்தாலும் அடுப்படியில் உட்கார்ந்தாலும் அதைத் திறந்ததும் வேலை தொடங்கவேண்டும். பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு அந்தப் பென்சிலைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அது திரும்பி வராது, அடுத்தமுறை தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

கொழுந்துக் கறை ஏறி நுனி வெடித்த விரலுக்கு மெல்லிய பேனை நிற்காது, வலிக்கும். பேனையில் துணியைச் சுற்றி நூலால் கட்டித் தடிப்பாக்குங்கள். படுக்கப் போகுமுன் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவது எழுதுபவருக்கு அவசியமான பழக்கம் என்றே சொல்வேன்.

ஆட்களின் விஷயம் இதைவிடக் கடினம். "என்னா புள்ள, எந்நேரமும் கொப்பியும் கையுமா இருக்க, வேல கெடக்கு" என்று மாமியார் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள், ஒளித்துவைத்து எழுதவும் வேண்டாம். "சோறு வேகுற வரைக்கும்தான் மாமி, வெந்ததும் எழும்பிருறேன்" என்று அளவைச் சொல்லுங்கள். சொன்னபடியே எழும்புங்கள். இந்தச் சொல்லைக் காப்பாற்றினால் சில கிழமைகளில் அந்த நேரம் உங்களுடையதாகிவிடும். அடுத்த படி, அவரையும் வேலைக்குள் இழுப்பது. "மாமி, நீங்க மேக்கணக்குல இருந்தப்போ தண்ணிக்கு எங்க போனீங்க?" என்று ஒருநாள் கேளுங்கள் (மேக்கணக்கு என்பது தோட்டத்தின் மேல்பிரிவு). அவர் சொன்னதை எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். கொப்பியைத் திட்டிய வாய் பிறகு "அத எழுதிக்கிட்டியா?" என்று கேட்கும்.

பெண் எழுத உட்கார்ந்தால் வேலை கெடுகிறது என்றும், ஆண் தப்பு அடித்தால் கலை வளர்கிறது என்றும் பேசும் வீடுகள் நம்மிடம் அதிகம். கணவர்மார் இதை வாசித்தால், கிழமையில் ஒரு நாள் இராச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா யோசனையையும்விட அது அதிகம் உதவும்.

தப்புக்காரருக்கு இன்னொரு சிக்கல்: லயத்தில் சுவர் பொது, இரவில் அடித்தால் பத்து வீட்டுக்கும் கேட்கும். பழைய ரப்பர் செருப்பின் அடியை மடியில் வைத்து அடிக்குச்சியாலும் சிம்புக்குச்சியாலும் அதன்மேல் பழகுங்கள். சத்தம் வராது, கை மட்டும் அடியை மறக்காமல் இருக்கும்.

அறிகுறி: கையில் எடுத்தால் எங்கே விட்டோம் என்று தெரியவில்லை

முடிக்கும்போது செய்யவேண்டியதைத் தொடங்கும்போது செய்யப் பார்ப்பதால் வரும் பிழை இது. எழும்புமுன் கடைசி அரை நிமிடத்தில், அடுத்து என்ன வரவேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். "அடுத்தது: கணக்கப்பிள்ளை கொழுந்தைத் திருப்பிக் கொட்டுகிறார், அவள் பேசவில்லை." அவ்வளவு போதும். படம் என்றால் ஓரத்தில் "வானம் இன்னும் ஒரு கோட்டிங், மரம் தொடாதே" என்று பென்சிலால் குறியுங்கள். தப்பு, கூத்துப் பாட்டு என்றால் விட்ட அடியைப் போனில் பதிந்து, கடைசியில் வாயால் "அடுத்தது ரதி புலம்பல், ரெண்டாவது அடி" என்று சொல்லிவையுங்கள்.

எழுதுபவர்கள் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திப் பழகலாம். அத்தியாயத்தை முடித்துவிட்டு எழும்பினால் மனதுக்கு நிறைவாக இருக்கும், மறுநாள் வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். பாதி வாக்கியம் கையை இழுத்துக்கொள்ளும்.

தனித்தாள்களில் எழுதாதீர்கள். தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, கதையோ கணக்கோ கனவோ எல்லாவற்றையும் நாள் போட்டு அதிலேயே எழுதுங்கள்.

அறிகுறி: மழை பிடித்தால் எல்லாம் நின்றுவிடுகிறது

மனது சோர்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள். முதலில் சாமான்களைப் பாருங்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தாருக்கு அந்த மாதங்களில் காற்றும் வெயிலும், ஈரம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. உங்கள் பக்கத்து ஈரக் காலம் எது என்று தெரிந்து வேலையை மாற்றிப் போடுங்கள். பதுளைப் பக்கத்து ஊவாக்காரர் ஓகஸ்டில் வர்ணம் பூசலாம், ஹட்டன்காரர் அப்போது பென்சில் கோட்டு வேலையை வைத்துக்கொள்ளலாம்.

காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நெடுநாள் இருந்தால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். நம்மிடம் மழைக்காலத்தில் அது எப்போதும் அதற்கு மேல்தான். கொப்பியைச் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காதீர்கள், லயத்துச் சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி ஏற்றும். பிஸ்கட் டின்னுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள், புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருமே, அதுதான். கிடைக்காவிட்டால் சட்டியில் வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏற்கனவே பூஞ்சணம் பிடித்த தாளை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது, கறை உள்ளே இறங்கிவிடும். வெயில் வரும் நாளில் காற்றாட வைத்து, நன்றாகக் காய்ந்தபின் வெளியே கொண்டுபோய் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மழையில் ஜெல் பேனையும் மை ஊற்றும் பேனையும் வேண்டாம், ஒரு துளி பட்டால் பல மைகளில் வரி கரைந்து ஓடும். பென்சில் தண்ணீருக்குக் கரையாது, போல்பொயின்டும் பெரும்பாலும் தாங்கும். நீர்வர்ணக்காரர்களுக்கு: மலையில் மழைக்காலத்தில் ஒரு பூச்சு காய நெடுநேரம் எடுப்பது இயல்பு. அவசரப்பட்டு இரண்டாவதைப் பூசினால் சேறாகிவிடும். இரண்டு மூன்று சின்னத் தாள்களை ஒரே நேரத்தில் தொடங்கி, ஒன்று காயும்போது மற்றதற்குப் போங்கள். தாள் நெளியாமலிருக்க நான்கு பக்கமும் பலகையில் டேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் நனைக்கவேண்டும்.

தப்பின் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிட்டால் சத்தம் செத்துப்போகும். தீக் காட்டுவது எல்லாருக்கும் தெரியும். அளவு தெரியாமல் காட்டித் தோலைக் கெடுப்பவர்களும் உண்டு. பெருந்தீ வேண்டாம். உள்ளங்கை பொறுக்கும் தூரத்தில் பிடித்து, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள், இடையிடையே விரலால் சுண்டிப் பாருங்கள். சத்தம் ஏறியதும் நிறுத்துங்கள். அடுப்புக்கு மேலே நிரந்தரமாகத் தொங்கவிட்டால் ஈரம் பிடிக்காது என்று சிலர் செய்வார்கள். புகையிலும் சூட்டிலும் தோல் காய்ந்து வெடிக்கும். துணியில் சுற்றி உள்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே மாட்டுங்கள். கிட்டார் வைத்திருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்தால் துரு தாமதமாகும்.

அறிகுறி: பழைய கோப்பைத் திறந்தால் புரியாத எழுத்தாக வருகிறது

எழுதியது போய்விட்டது என்று பயப்படாதீர்கள். கடையில் கொடுத்து டைப் செய்தது பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத போனில், அடியில் இருக்கும் ஆங்கில விசைகள்தான் தெரியும். "அம்மா" என்ற சொல் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று வரிசையாக வந்தால் அது பாமினியேதான். அந்த வரிகளைப் பிரதி எடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இணையச் செயலி ஒன்றில் ஒட்டினால் தமிழ் வந்துவிடும். மாற்றியபின் ஒருமுறை முழுதாக வாசியுங்கள், சில இடத்தில் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். இனிமேல் டைப் செய்யக் கொடுக்கும்போது "அண்ணே, யூனிகோட்ல அடிச்சுத் தாங்க" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அறிகுறி: தொடங்குவது எல்லாம் பாதியில் நிற்கிறது

பெரும்பாலும் அளவுதான் பிழை. முதல் முயற்சியிலேயே நாவல், முதல் படமே சுவர் அகலத்துக்கு. உங்கள் காத்திருப்பு நேரத்தில் அடங்கும் அளவுக்கு வேலையைச் சுருக்குங்கள்: இரண்டு பக்கக் கதை, உள்ளங்கை அளவு படம், ஒரு தாலாட்டு. முடித்துப் பழகியபின் அளவைக் கூட்டலாம். பாதியில் நிற்பவற்றில் மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். நாலாவதைத் தொடங்க ஆசை வந்தால் அதன் கருவை ஒரு வரியில் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி மூடிவிடுங்கள்.

அறிகுறி: எழுதுவது எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, எனக்கே அலுக்கிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கை உள்ள பிள்ளைகள் பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். அட்டை கடிக்கிறது, கூடை கனக்கிறது, பனி கொட்டுகிறது, கண்ணீர் தேயிலைக்கு உரமாகிறது. இந்தச் சொற்கள் எல்லாம் ஒருகாலத்தில் யாரோ ஒருவர் நெஞ்சு எரிந்து எழுதியவைதான். நாம் அவற்றை எடுத்து அடுக்கும்போது அந்த எரிச்சல் கூட வருவதில்லை. துயரம் பொய் என்று சொல்லவில்லை. துயரத்தைப் பார்க்காமலே எழுதிவிட முடிகிறது என்பதுதான் பிழை.

சரிசெய்ய ஒரே வழி, பக்கத்தில் போய்ப் பார்ப்பது. ஒரு பொருளை எடுங்கள். கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் எந்தப் பக்கம் முடிச்சு விழுகிறது? எந்த இடத்தில் முதலில் கிழிகிறது? கிழிந்ததை எதை வைத்துத் தைக்கிறார்கள்? பழைய படங்கு கடைசியில் என்னவாகிறது? இதற்கெல்லாம் பதில் தெரியாவிட்டால் மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள். பதில்களை அப்படியே, அவர் பேச்சிலேயே எழுதுங்கள். அதில் கதை எங்கே இருக்கிறது என்று நீங்கள் தேட வேண்டியிருக்காது. கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்ப்பவளின் முகம், ஈரத்துக்கென்று கழிக்கும் கிலோ, அதைக் கேட்டுப் பேசாமல் திரும்பும் கால்கள்: இவற்றைச் சரியாகச் சொன்னால் "கண்ணீர்" என்ற சொல் தேவைப்படாது.

வாசிப்பும் குறைந்திருக்கலாம். நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் பழைய மலையக நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடக்கின்றன, போனிலேயே வாசிக்கலாம். நமக்கு முந்தியவர்கள் எதையெல்லாம் ஏற்கனவே நன்றாகச் சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்தால், சொல்லப்படாதது எது என்பதும் தெரியவரும். மாடி வீட்டுத் திட்டத்துக்குப் போன குடும்பம், கொழும்பு ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் தங்கச்சி, தோட்டத்தில் மரக்கறி போடும் அண்ணன், உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கப் பக்கத்தில் பாடசாலை இல்லாத பிள்ளை. இவர்களைப் பற்றி இன்னும் எவ்வளவோ எழுதக் கிடக்கிறது.

அறிகுறி: கொழும்புக்கு வந்தபிறகு வருவதில்லை

கடையில் நின்று, இரவு பத்துக்கு அறைக்குத் திரும்பி, நாலு பேரோடு படுக்கும் தம்பிமார் இதைச் சொல்கிறார்கள். எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் (1934–2022) தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொழும்புப் பக்கத்தில் கணக்கு வேலையில் கழித்தவர். தான் வேலைபார்த்த தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு வைத்துக்கொண்டு கடைசிவரை மலையகத்தை எழுதினார். தூரம் எழுத்தை நிறுத்துவதில்லை. ஊர்ப் பேச்சு காதில் விழாமல் போவதுதான் நிறுத்துகிறது. வீட்டுக்கு எடுக்கும் போனில் "சாப்டியா, சம்பளம் போட்டாங்களா" என்பதோடு வைக்காமல், "அம்மா, இன்னைக்கு மலையில என்னா நடந்துச்சு, மொதல்ல இருந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். அனுமதி கேட்டுப் பதிவும் செய்யுங்கள்.

ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் பாடுபவர்கள் லீவைத் தைப்பொங்கல் முடிந்ததுமே பேசிவையுங்கள். மாசி அமாவாசைக்குப் பிறகு கம்பம் ஊன்றிவிட்டால் ஊரில் எல்லாம் வேகமாக நடக்கும். ரதி, மன்மதன் என்று காப்புக் கட்டி வேடம் ஏற்பவர் விரதம் இருக்கவேண்டும், இரண்டு நாள் லீவில் அது நடவாது. பின்பாட்டும் தப்பும் கடைசி இரவுகளுக்கு வந்தாலும் செய்யலாம். கூத்து மாஸ்டரிடம் முன்கூட்டியே அந்த இடத்தைக் கேட்டு, பாட்டைக் குரல் பதிவாக வாங்கிப் பழகிக்கொண்டு போங்கள்.

அறிகுறி: கொஞ்சம் எழுதியதும் தலையிடி, எழுத்து மங்குகிறது

வயது 40ஐத் தாண்டியிருந்தால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லாருக்கும் வருவது. கொப்பியைக் கையை நீட்டிப் பிடித்தால் தெளிகிறதா என்று பாருங்கள். தெளிந்தால் கண்ணாடி வேண்டும், அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் காட்டுங்கள். ஆர்வம் போய்விட்டது என்று பல வருடம் நினைத்திருந்தவர்கள் கண்ணாடி போட்டதும் மறுபடி எழுத உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். எப்போதும் அசதி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் இரத்தம் குறைவாக இருக்கலாம், அதையும் சோதியுங்கள்.

அறிகுறி: முடித்தாயிற்று, காட்ட ஆளில்லை

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பத்துக் கைகூப்பும் படமும் ஒரு "அருமை"யும் வரும். அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரே ஒருவரைத் தேடுங்கள். எழுதுபவராக இருக்க வேண்டியதில்லை, நீங்கள் எழுதிய வாழ்க்கையை வாழ்ந்தவராக இருந்தால் போதும். "நல்லாருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். வாசித்துக் காட்டிவிட்டு, "எந்த எடத்துல இது அப்படி நடக்காதுன்னு தோணுச்சு?" என்று கேளுங்கள். கங்காணியாக இருந்த ஒரு தாத்தா இதற்குச் சொல்லும் பதில் எந்த விமர்சகரிடமும் கிடைக்காது.

பத்திரிகைக்கு அனுப்பினால் பதில் வராமல் போவது சாதாரணம். அனுப்பிய திகதியைக் கொப்பியில் குறித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

அறிகுறி: இருந்ததெல்லாம் போய்விட்டது

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு மலையகத்தில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது. உயிர்கள் போன இடத்தில் கொப்பியைப் பற்றிப் பேசுவதா என்று தோன்றும். ஆனாலும் பேசவேண்டும். தாத்தாவிடம் கேட்டு எழுதிய பாட்டுகள் அந்தக் கொப்பியில் மட்டும்தான் இருந்தன என்றால், போனது உங்களுடையது மட்டுமல்ல.

நனைந்த கொப்பி கிடைத்தால் பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும், அதற்குள் ஏதாவது செய்யவேண்டும். நிமிர்த்தி விசிறிபோல் நிறுத்தி, காற்றுப்படும் இடத்தில் வைத்து, தானாகப் பிரியும் பக்கங்களுக்கிடையில் வெள்ளைக் கடதாசி வைத்து அடிக்கடி மாற்றுங்கள். அச்சடித்த பேப்பர் வைத்தால் மை ஒட்டும். உடனே காயவைக்க வழியில்லாவிட்டால் பொலித்தீன் பையில் சுற்றி, தெரிந்த கடையின் ஐஸ் பெட்டியில் உறையவிட்டு, மழை ஓய்ந்ததும் எடுத்துக் காயவைக்கலாம். அதுவரை பூஞ்சணம் வளராது.

கொப்பியே கிடைக்கவில்லை என்றால் மூன்று வேலை இருக்கிறது. ஞாபகத்தில் இருக்கும் தலைப்புகளையும் முதல் வரிகளையும் இன்றைக்கே எழுதுங்கள், நாளாக நாளாக அவை மாறும். யாருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள், யாருக்கு வாசித்துக் காட்டினீர்கள் என்று யோசித்து அவர்களிடம் கேளுங்கள். பாட்டுச் சொன்னவர் உயிரோடு இருந்தால் அவரிடம் மறுபடி போங்கள், இந்தமுறை போனில் பதிவுசெய்யுங்கள்.

இன்னும் எதுவும் போகாதவர்கள், மாதம் ஒருமுறை புதுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கையோடு தூக்கிப்போகும் பையில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தோடு அந்தக் கொப்பியையும் வையுங்கள். பை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.